பதினேழாம் நம்பர் தகடு

அந்தம்மாவிடம் ஒரு மரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அது எப்படி இருக்கிறது என்று பதில் வரும்.

"பதினேழாம் நம்பர் எங்கம்மா இருக்கு?"

"நல்லா இருக்குய்யா."

"நல்லா இருக்கட்டும். எங்க இருக்கு?"

"ரெண்டு நாளா வெயிலு சாஸ்தி. தாங்கிக்கிருச்சு."

இப்படியே போகும். கையில் பெரிய ரிஜிஸ்டரை விரித்துக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நான் நிற்பேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "சோலி கெடக்குய்யா, வெரசா போகணும்" என்று நடையைக் கட்டிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்கிற உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது தெரியாது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தம்மாவை நினைத்தால் முதலில் வருவது அன்பா, எரிச்சலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

குரங்கணியிலிருந்து இரண்டரை மணி நேரம் மலை ஏறினால் வருகிற ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில், ஐம்பதுகளின் நடுவில், நான் ரைட்டராகச் சேர்ந்தேன். வயது முப்பத்திரண்டு. போடியில் ஏலக்காய் மண்டியில் எழுத்து வேலை பார்த்தவன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு. எஸ்டேட்டின் ஓடைக்கரையில் மூன்று ஏக்கருக்கு ஒரு தோட்டம் தனியாக இருந்தது. எல்லோரும் அதைத் துரை தோட்டம் என்பார்கள். எஸ்டேட்டை முதலில் உண்டாக்கிய வெள்ளைக்காரத் துரை ஊர் ஊராகப் போய்க் கொண்டுவந்து நட்ட மரங்கள் அதில் நின்றன. ஜாதிக்காய், கற்பூர மரம், ருத்ராட்சம், பிடிவாதமாகக் காய்க்காமல் நின்ற ஒரு மங்குஸ்தான், இன்னும் வாயில் நுழையாத பெயர்கள். வகைக்கு ஒன்றோ இரண்டோதான். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, எண் அடித்த ஈயத்தகட்டைச் செம்புக் கம்பியில் கோத்துக் கிளையில் தொங்கவிட்டிருந்தார். எண்ணுக்கு நேராக ரிஜிஸ்டரில் மரத்தின் பெயர் இருக்கும்.

பதினேழுக்கு நேராக மட்டும் பெயர் இல்லை. ஒரு கேள்விக்குறி இருந்தது. எங்கிருந்தோ ஒரே ஒரு கன்றாக வந்த மரம் அது. துரைக்கே அதன் பெயர் கடைசிவரை தெரியவில்லை.

துரை சீமைக்குப் போனபோது எஸ்டேட்டை வாங்கியவர் எங்கள் போடி முதலாளி. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே விஷயத்தைச் சொல்லிவிட்டார். "அந்த மூணு ஏக்கரையும் அழிச்சு ஏலம் வைங்கன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. தாவர அதிகாரி ஒருத்தரு, அந்தப் பேரில்லாத மரத்தப் பாக்கணும், வர்றேன்னு எழுதியிருக்காரு. இது காப்பாத்த வேண்டிய தோட்டம்னு அவரு எழுதிக் குடுத்துட்டா நான் கை வைக்க மாட்டேன். இல்லேன்னா எடுத்துர வேண்டியதுதான். அவரு வர்றதுக்குள்ள ரிஜிஸ்டரச் சரி பண்ணி வையிங்க."

ஆக, தோட்டம் நிற்பதும் போவதும் பதினேழாம் நம்பரைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. ரிஜிஸ்டரில் அறுபத்திரண்டு எண்கள். நான் மழைக்கோட்டும் அட்டைக்கடியுமாக நாலு நாள் சுற்றியதில் கிடைத்தவை முப்பத்தொன்பது தகடுகள். பதினேழு கிடைக்கவில்லை. தோட்டத்தில் எல்லாம் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவரோ "நல்லா இருக்குய்யா" என்கிறார்.

அந்தத் தோட்டத்தை உயிரோடு வைத்திருந்தவரே அந்தம்மாதான். ஒரே மரம் உள்ள வகையில் அந்த மரம் பட்டுப்போனால் வகையே போயிற்று. அதனால் ஒவ்வொன்றிலிருந்தும் குட்டி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விதை விழுந்தால் விதையைப் போடுவார். விதை இல்லாவிட்டால் கிளையில் போத்து வெட்டி நடுவார். அதுவும் வேர் பிடிக்காத வீம்புக்கார மரங்களுக்குப் பதியன்.

அவர் பதியன் போடுவதைப் பார்க்க வேண்டும். விரல் கனத்தில் ஒரு கிளையைத் தேர்ந்தெடுப்பார். அதற்கு மட்டும் அரை நாள் ஆகும். பிறகு சூரிக்கத்தியால் கிளையைச் சுற்றி ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுப்பார். அந்த இடத்தில் ஓடைப் பாறையில் வழித்த பாசியையும் இலைமக்கையும் பொத்தி, இரண்டாகப் பிளந்த மூங்கில் கணுவை இரு பக்கமும் வைத்து நாரால் கட்டுவார். அதற்கு மேல் கிளையில் ஒரு சின்னக் கலயம் தொங்கும். கலயத்தின் அடியில் ஒரு துளை, துளையில் ஒரு துணித்திரி. திரி வழியே தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி மூங்கிலை நனைத்துக்கொண்டே இருக்கும். கிளை மரத்தில் இருந்தபடியே மூங்கிலுக்குள் வேர் விடும். பிறகு வேருக்குக் கீழே அறுத்தெடுத்து மண்ணில் வைத்தால் தனி மரம். இது எதுவும் தெரியாமல், முதல் நாள் மரமெல்லாம் கலயம் தொங்குவதைப் பார்த்து ஏதோ வேண்டுதல் என்று நினைத்து நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதை அவர் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை, அதற்குப் பதில் அவரும் மரியாதைக்கு ஒரு தரம் போட்டுக்கொண்டார்.

ஈரம் பார்ப்பதற்கு விரலை விட மாட்டார். பாசியில் ஒரு கிள்ளு எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "வெரலு காய்ச்சுப் போச்சுய்யா, அது பொய் சொல்லும். இன்னைக்கி வெள்ளம் போதும்" என்பார். மலையில் பலரும் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். ஆள் ஒல்லி. நாற்பது வயதிருக்கும். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் கம்பளிக் கொங்காணி போட்டுக்கொண்டு, தோட்டத்துக்கும் நாற்றுப் பாத்திகள் இருந்த தவாரணைக்கும் நாள் பூராவும் நடப்பார். செடி செத்துவிட்டது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. வாடிக் கருகிப்போன குச்சியைப் பிடுங்கும்போதுகூட, "அதுக்கு இங்க மனசில்ல" என்றுதான் சொல்வார்.

அவர் பெயரை நான் எழுதாமல் விடுவதற்கு மரியாதை காரணம் அல்ல. எனக்குத் தெரியாது. ஆட்களின் பெயர் எழுதும் செக்ரோலில் ஒரு பெயர் இருந்தது. தினமும் காலையில் களத்தில் அந்தப் பெயரைக் கூப்பிடுவேன், "வந்துருக்கேன்" என்று குரல் கொடுப்பார். சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் கங்காணி சொன்னார், அது அந்தம்மாவின் தாயாருடைய பெயர் என்று. துரை காலத்தில் தாயார் தவாரணையில் வேலை பார்த்திருக்கிறார். முழங்கால் போனதும் மகள் வந்து நின்றிருக்கிறார். பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இதெல்லாம் ஆகாது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"உன் பேரு என்னம்மா?"

"நீங்க கூப்பிடுறதுதான்யா."

"அது உங்க ஆத்தா பேருங்கிறாரே கங்காணி?"

"ஆமா. அவுக வாரதில்லையே. இப்ப நான்தான வர்றேன்."

"அப்ப உனக்கு முதல்ல வச்ச பேரு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது எதுக்குய்யா இப்ப?" என்றார். எனக்குத் தலை சுற்றியது, போகச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு இன்னும் இரண்டு நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்து யோசித்திருந்தால் ஒரு மரம் பிழைத்திருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. தினமும் உச்சிவேளையில் அவர் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடையின் மேல்பக்கம், பெரிய பாறைச் சரிவுக்குப் பின்னால் போய் வருவார். ஒருநாள் நானும் ரிஜிஸ்டரோடு பின்னால் போனேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டி மறித்துவிட்டார்.

"இங்கிட்டு வரக் கூடாதுய்யா."

"ஏன்?"

"கண்ணு பட்டுரும்."

பெண்கள் குளிக்கிற இடம் போலிருக்கிறது என்று நினைத்து, கூச்சத்தில் காது சுட, வந்த வழியே இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. காணாமல்போன தகடுகளை என்ன செய்வது? ஈயத்துக்காக யாரோ உருக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். மனசுக்குள் சந்தேகப்பட்ட ஆள் யார் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபத்துமூன்று எண்களுக்கு நேராக 'இல்லை' என்று முத்துமுத்தாக எழுதினேன்.

வைகாசியில் அந்தம்மா தேவாரத்துக்குப் போனார். அங்கே தன் அண்ணன் வீட்டில் இருந்த மகளுக்குப் பிரசவம். அவர் போன மறுநாள் முதலாளி மலைக்கு வந்தார். மழைக்கு முன்னால் ஏலத்தோட்டத்தில் நிழல்மரக் கிளைகளைக் கழிப்பது வழக்கம். துரை தோட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இதுக்குள்ள காடா மண்டிக் கெடக்கே. அதிகாரி வந்து பாத்தா என்ன நெனைப்பாரு? தகடு இருக்கிற மரத்தத் தொடாதீங்க. தகடு இல்லாதது தானா மொளச்ச காட்டு மரம், எடுத்துருங்க" என்றார்.

எனக்கு அது தேனாக இனித்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக எனக்குப் புரிகிற மாதிரி ஒரு வேலை. சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். தகடு இல்லாத பெரிய மரங்கள் பதினொன்று. ஒவ்வொன்றின் இடுப்பிலும் வெள்ளையாக ஒரு வட்டம் போட்டேன். அவற்றில் பெரியது சாம்பல் நிறப் பட்டையோடு ஓடைப் பக்கம் நின்றது. கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். அதை வெட்டிச் சாய்க்க இரண்டு நாள் ஆனது. விழுந்தபோது ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி ஒரு புளிப்பு வாடை தோட்டம் முழுக்கப் பரவியது. அதன் கிளையிலிருந்து ஒரு பழைய கலயம் விழுந்து என் காலடியில் உடைந்தது. காட்டு மரத்தில் பதியன் கலயத்துக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. உடைந்த ஓடுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.

ஐந்தாறு நாள் கழித்து அந்தம்மா திரும்பி வந்தார். நேராக ஆபீசுக்கு வந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். சீனி மிட்டாய்.

"பேத்திய்யா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"பேரு வச்சாச்சா?"

"எங்க ஆத்தா பேருதான்."

ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவர் தோட்டத்துக்குப் போனார். மிட்டாய் கரைந்து முடிவதற்குள் திரும்பி வந்து வாசலில் நின்றார். சிரிப்பு இல்லை. அழுகையும் இல்லை. வழி தெரியாத ஊரில் இறங்கிய ஆள்போல என்னைப் பார்த்தார்.

"யாருய்யா வெட்டச் சொன்னது?"

"நான்தான். ஏன்? அதுல தகடு இல்லையே."

"தகடு எதுக்குய்யா அதுக்கு? அதுதான் குட்டிக்குப் போயிருச்சே. அது கெழவிய்யா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எது கெழவி?" என்றேன்.

"பதினேழு."

நாக்கில் இருந்த இனிப்பு கசந்துபோனது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். பதியன் வேர் பிடித்துத் தனியாக மண்ணில் நின்றதும் தாய் மரத்துத் தகட்டைக் கழற்றிக் குட்டியில் மாட்டிவிடுவது அவர் வழக்கம். அவர் தாயாரின் வழக்கமும் அதுதான். பெயர் கீழே இறங்கிவிட்டால் மேலே நிற்பது பெயரில்லாமல் நிம்மதியாக நிற்கும். மூன்று மழைக்காலம் போராடி, பதினேழில் ஒரே ஒரு பதியன்தான் வேர் பிடித்திருந்தது. நான் வேலைக்கு வருவதற்குச் சற்று முன்னால் அதைப் பிரித்துவைத்து, தகட்டை மாட்டியிருக்கிறார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லம்மா!" என்று கத்திவிட்டேன். "பதினேழு எங்க, பதினேழு எங்கன்னு நூறு தடவ கேட்டேனே!"

"பதினேழத்தான்யா கேட்டீக. அது நல்லா இருக்குன்னு சொன்னேன். அந்தப் பெரிய மரம் ஆருன்னு நீங்க கேக்கலையே."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார்.

"பேரு இல்லாட்டி வெட்டிருவீகளாய்யா?"

அவர் போய், விழுந்து கிடந்த மரத்தின் தலைப்பக்கம் உட்கார்ந்து, இன்னும் பச்சை மாறாத குச்சிகளாகப் பார்த்து நறுக்கத் தொடங்கினார். சாயங்காலம் வரை நறுக்கித் தவாரணையில் நட்டார். நானும் கூடப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மாதத்தில் எல்லாம் கருகின. "அதுகளுக்கு மனசில்ல" என்றார். தகடு இறங்கிய வகைகளில் பன்னிரண்டின் தாய் மரங்கள் முன்பே பட்டுப்போயிருந்தன. வெட்டிய மற்ற பத்து வகைக்கும் குட்டிகள் இரண்டு மூன்று உண்டு. பதினேழுக்கு உலகத்தில் நாங்கள் அறிய மிஞ்சியது ஒரே ஒரு குட்டி. அதை நான் பார்த்ததுகூட இல்லை.

"கண்ணுல காட்டும்மா" என்று கெஞ்சினேன். அப்போதுதான் அந்தப் பாறைச் சரிவு ரகசியமும் வெளியே வந்தது. பச்சைப்பிள்ளையை ஊரார் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பதைப்போல, பிரித்துவைத்த குட்டிகளைப் பாறை மறைவில் வைத்திருக்கிறார். நன்றாக வேரூன்றி நிற்கும்வரை யாரும் பார்க்கக் கூடாது. பதினேழு ஏழு இலை விட வேண்டுமாம்.

"இப்ப எத்தன எல?"

"அஞ்சு."

நான் வேலை தருகிற ரைட்டர், அவர் கூலியாள். உத்தரவு போட்டிருக்கலாம். மரத்தை வெட்டிய கை என்பதால் வாய் எழும்பவில்லை. ஆனி போயிற்று, ஆடி போயிற்று. ஆவணியில் ஆறாவது இலை வந்ததாகச் சொன்னார். உண்மையிலேயே அப்படி ஒரு செடி இருக்கிறதா, என்னைத் தண்டிப்பதற்காகச் சொல்கிறாரா என்று படுத்தால் யோசனை, எழுந்தால் யோசனை. முதலாளியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதிகாரி புரட்டாசியில் வருவதாகக் கடிதம் வந்தது.

அதிகாரி குரங்கணிவரை ஜீப்பில் வந்து, மூச்சு வாங்க ஏறி வந்தார். வயதானவர், குறைவாகப் பேசுகிறவர். முதலாளியும் கூட வந்திருந்தார். "பதினேழு எது?" என்றார் அதிகாரி. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அப்போது ஓடைப் பக்கமிருந்து அந்தம்மா வந்தார். தலையில் ஒரு தட்டுக்கூடை. இறக்கிவைத்துவிட்டுப் போய் இன்னொன்று கொண்டுவந்தார். இப்படி எட்டு நடை. மண்ணெண்ணெய் டின்னிலும் மூங்கில் குழாயிலும் செடிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஈயத்தகடு. நான் 'இல்லை' என்று எழுதிய இருபத்துமூன்றும் வரிசையாக என் எதிரில் நின்றன. கடைசி டின்னில் கரியால் ஒரு திருஷ்டிப்பொட்டு, செடியில் ஒரு கறுப்புக் கயிறு, பதினேழாம் நம்பர் தகடு. நான் இலைகளை எண்ணினேன். ஏழு.

அதிகாரி முழங்காலிட்டு ஓர் இலையின் ஓரத்தைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். "எதுலேருந்து எடுத்தது?"

அந்தம்மா வெட்டிய அடிமரத்தைக் காட்டினார். அதிகாரி அதன்மேல் போய் உட்கார்ந்தார். யார் வெட்டியது என்று அவர் கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். முதலாளி என்னை முறைத்தார், பிறகு தன் உத்தரவு நினைவுக்கு வந்ததோ என்னவோ, வேறு பக்கம் பார்த்தார்.

"விதையா, பதியனா?" என்று அதிகாரி அந்தம்மாவிடம் கேட்டார்.

"பதியன்யா."

"அப்ப இது அந்த மரமேதான்" என்றார் என்னிடம். "விதையில வந்தா பிள்ளை. பதியன்ல வந்தா அதே மரம், அதே உடம்பு. இந்தம்மா தகடு மாத்தினதுல தப்பு இல்ல." எனக்கு உயிர் வந்தது. அவர் உடனே சேர்த்துச் சொன்னார்: "அதுக்காக நீங்க வெட்டினது சரின்னு ஆயிடாது."

பூவைப் பார்க்காமல் பெயர் சொல்ல முடியாது என்றும், முற்றிய கிளையில் எடுத்த பதியன் சீக்கிரம் பூக்கும் என்றும் சொன்னார். பூத்ததும் அனுப்ப வேண்டும். அதுவரை தோட்டத்தை அழிக்க வேண்டாம். முதலாளி, "மூணு வருசம் பாக்குறேன்" என்று ஒப்புக்கொண்டார். அந்தம்மா அடிமரத்தை ஒட்டிக் குழி தோண்டிச் செடியை நட்டார். பழகின மண்ணு என்றார்.

அதிகாரி போனபிறகு எனக்கு ஒரு சந்தேகம் அரித்தது. "வெதையில வந்த குட்டிக்கும் தகட்ட மாத்துவியாம்மா?"

"மாத்த மாட்டேன்யா. அது வேற ஆளு. அதுக்கு இந்தப் பேரு எப்பிடிச் செல்லும்?"

"அப்ப உன் பேத்திக்கு மட்டும் உங்க ஆத்தா பேரு எப்பிடிச் செல்லும்? அவ என்ன பதியன்ல வந்தவளா?"

அவர் சிரித்த சிரிப்பில் கொங்காணி நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, "மனுசருக்கு வேற வழி இல்லையேய்யா" என்றார். சிரிப்பு நின்றிருந்தது. அது பதிலா, என்னை வாயடைக்கச் சொன்னதா என்று நான் இன்றுவரை குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் வருஷம் தை மாதம் ஒரு காலை, களத்தில் வழக்கம்போல அந்தப் பெயரைக் கூப்பிட்டேன். "வந்துருக்கேன்" என்றது ஓர் இளங்குரல். நிமிர்ந்தேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி அந்தம்மாவின் கொங்காணியைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆத்தா எங்க?"

"தேவாரத்துல மாமா வீட்டுல இருக்குய்யா. கண்ணு தெளிவா இல்ல. எம்புள்ளய அது பாத்துக்கிருது. இனிமே நான்தான்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? வருஷக்கணக்காகக் கூட நின்று தண்ணீர் ஊற்றியவன் இல்லையா நான்? ஆனாலும் அந்தப் பெயருக்கு நேராக 'ஆஜர்' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

பங்குனியில் பதினேழு பூத்தது. என் நெஞ்சுயரம்தான் இருக்கும், அதற்குள் எட்டுப் பூ. வெளிறிய மஞ்சள், சின்னச் சின்னதாக. அதே புளிப்பு வாடை, ஆனால் அடியில் ஏதோ இனிப்பு. சொல்லிவிடுகிறேன், அந்தப் பூவால் தோட்டம் தப்பித்தது. முதலாளி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. நிரப்பி அனுப்பச் சொல்லி அதிகாரி கொடுத்துவிட்டுப் போன பாரத்தில் கடைசிக் கட்டம்: 'வளர்த்தவர் பெயர்'. நான் எத்தனையோ கட்டங்களை அழகாக, தப்பாக நிரப்பியவன். இதை ஒன்றையாவது சரியாக எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மகளைக் கேட்டேன். செக்ரோலில் உள்ள பெயரையே சொன்னாள்.

"அது உங்க பாட்டி பேரு. உங்க ஆத்தாவுக்குன்னு ஒண்ணு இருக்கும்ல?"

"நாங்க ஆத்தான்னுதான்யா கூப்பிடுவோம்" என்றாள்.

இரண்டு பூவைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு மலை இறங்கிப் பஸ்சு பிடித்துத் தேவாரம் போனேன். தெருவில் எந்தப் பெயரைச் சொல்லி விசாரிப்பது? தெரிந்த ஒரே பெயரைச் சொன்னேன். பீடி குடித்துக்கொண்டிருந்தவர் ஒரு வீட்டைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார். "ஏத்தா, ஒன்னயத் தேடி ஆளு வந்துருக்கு!" உள்ளேயிருந்து, இடுப்பில் அரைஞாண் மட்டும் கட்டிய மூன்று வயதுப் பெண்பிள்ளை ஓடிவந்து, என்ன என்பதுபோல என்னை அண்ணாந்து பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். யாருக்கு முதலில் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை.

பின்னாலேயே அந்தம்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். ஒரு கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. "ரைட்டரய்யாவா?" என்றார். காகிதத்தைப் பிரித்து ஒரு பூவை அவர் கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"பூத்துருச்சா" என்றார். மறு கன்னத்திலும் வைத்துப் பார்த்துவிட்டு, "எத்தன?" என்றார்.

"எட்டு. அதிகாரி பாரத்துல வளர்த்தவுக பேரு கேக்குறாரு. உங்க சொந்தப் பேரச் சொல்லுங்க" என்றேன். அவரை முதல்முறையாக 'நீங்க' என்று சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"பேருதான் அவகிட்ட இருக்கே" என்று பிள்ளையைக் காட்டினார். "அதையே எழுதுங்க."

"அப்ப நீங்க பேரில்லாம நிக்கிறதா?"

"நின்னா என்னய்யா?" அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "பேரில்லன்னு இனிமே வெட்ட மாட்டீகள்ல?"

"மாட்டேன்மா" என்றேன்.

பிள்ளை பூவைக் கேட்டு அழுதது. இன்னொரு பூ பாரத்தோடு போக வேண்டும் என்பதால் கொடுக்கவில்லை. போடி பஸ்சில் உட்கார்ந்து பாரத்தை மடியில் விரித்து, அந்தக் கடைசிக் கட்டத்தில், துரை போட்டிருந்த மாதிரியே ஒரு கேள்விக்குறி போட்டேன். பஸ்சு குலுக்கியதில் அது கொஞ்சம் கோணலாக விழுந்தது.